கொம்பொடிச்சான் நெல்

சுடலைக்கண்ணு அண்ணாச்சிக்கு எங்கள் ஊரார் முதலில் வைத்த பட்டப்பெயர் 'விருந்துக்காரர்'. கல்யாண விருந்து இல்லை, பூச்சிக்கு வைத்த விருந்து. வருஷா வருஷம் தன் வயலில் ஒரு பகுதியைப் பூச்சி தின்னட்டும் என்றே நட்டு வைத்தவர் அவர். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் உண்டு. பின்னால் அவரை ஏசியவர்களிலும் நான் உண்டு. பிள்ளையார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் இலஞ்சிக்கு மேற்கே, சிற்றாற்றங்கரையில். ஆனி பிறந்ததும் குற்றால மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழும். வெளியூர்ச் சீமான்கள் ரயிலில் தென்காசிக்கு வந்து, வண்டி பிடித்துப் போய், எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, 'இந்த வருஷம் சாரல் அருமை' என்று சொல்லிக்கொண்டு திரும்புவார்கள். எங்களுக்கும் சாரல் வேண்டியதுதான். அந்தத் தண்ணீரில்தான் கார் நெல் நடுகிறோம். ஆனால் வெயில் முகம் காட்டாமல் பத்துப் பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் மப்புப் போட்டால் நாங்கள் வீடு தங்காமல் வரப்பிலேயே நிற்போம். அந்த மப்பில்தான் ஆனைக்கொம்பன் வரும்.

ஆனைக்கொம்பன் கொசு அளவுப் பூச்சி. அதன் புழு நெல்லின் தாளுக்குள் இறங்கிக் குருத்தடியில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அந்தத் தாளில் கதிர் வராது. வெங்காயத் தாள் மாதிரி உள்ளே பொள்ளலாக, வெள்ளி நிறத்தில் ஒரு குழல்தான் நீளும். யானைத் தந்தம் போல இருப்பதால் அந்தப் பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் வயல் பளபளவென்று அழகாக இருக்கும். கிட்டே போனால் நெல் இருக்காது. சாம்பல் தூவிப் பார்த்தோம், வேப்பிலை கட்டிப் பார்த்தோம், அம்மனுக்குக் கஞ்சி ஊற்றினோம். சாமி எங்களைக் கைவிடவில்லை. பூச்சியும் கைவிடவில்லை.

முப்பத்தொன்றாம் வருஷம், பிரஜோற்பத்தி வருஷத்துக் கார்ப் பருவத்தில், ஊர் முழுக்க வெள்ளிக் குழல். சுடலைக்கண்ணு அண்ணாச்சி பண்ணையாரிடம் குத்தகையாக, பாட்டத்துக்கு எடுத்து உழுத வயலும் போயிற்று. அறுக்க ஒன்றுமில்லாத அந்த வயலில் அவரும் அவர் மைத்துனர் தளவாயும் மாட்டை இறக்கிவிடப் போனார்கள். தளவாய், அண்ணாச்சி மனைவி வள்ளித்தாயின் கூடப்பிறந்த அண்ணன். நடு வயலில் ஒரே ஒரு தூர் மட்டும் கதிர் வாங்கி நின்றது. சிவந்த நெல், நீள வால், மெலிந்த கதிர்.

"காட்டு நெல்லுக்குப் பொறந்தது மாப்ளே. மாட்டுக்குப் போடும்" என்றார் தளவாய்.

அண்ணாச்சி உட்கார்ந்து எண்ணினார். "பதினாலு கதிரு மச்சான். ஒண்ணுல கூடக் கொம்பு இல்ல."

பக்கத்துத் தூரில் ஒரு தாளைக் கிழித்தார். உள்ளே புழு இருந்தது. இதில் ஒரு தாளைக் கிழித்தார். புழு இருந்தது, ஆனால் செத்துச் சுருண்டு கிடந்தது. இன்னும் ஒன்று. அதிலும் செத்த புழு. அந்தத் தூரின் அடித்தாள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்ததையும் அப்போதுதான் பார்த்தார்.

"உள்ள போயும் பொழைக்கல மச்சான். இது வீட்டுக்குள்ள அதுக்குச் சோறு இல்ல."

"நல்லாப் பேசுதீரு. வாரும், மாட்டைப் பிடியும்."

அந்தப் பதினாலு கதிரையும் அண்ணாச்சி துண்டில் முடிந்துகொண்டு வந்தார்.

மறு வருஷம் அதைத் தனியாக விதைத்தால், முளைத்தது ஒன்றுபோல் ஒன்று இல்லை. உயரம், குட்டை, வாலுள்ளது, மொட்டை. சிலது கை பட்டாலே உதிர்ந்தது. சிலதைப் பூச்சி தின்றது, சிலதைத் தின்னவில்லை. வள்ளித்தாய் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு வயித்துப் பிள்ளையளா?" என்று கேட்டாள். உதிராததாக, வெள்ளையரிசியாக, பூச்சி தொடாததாகப் பார்த்துப் பார்த்து, அண்ணாச்சி அதிலிருந்து சில தூர்களை எடுத்தார். அதற்கு அடுத்த வருஷம் சாரல் விட்டு விட்டு வந்தது, பூச்சி குறைவு. ஊருக்குச் சந்தோஷம். அண்ணாச்சிக்கு மட்டும் முகம் வாடிப் போயிற்று.

"பூச்சி வராத வருஷத்துல எல்லா நெல்லும் யோக்கியன்தான். எது நெசமாவே தாங்கும், எது தப்பிச்சிக்கிட்டுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்றார்.

அதற்குப் பிறகுதான் விருந்து. எல்லாரும் ஆனியில் நட்டு முடித்த பிறகு, இவர் ஆடிக் கடைசியில் நட்டார். ஊர்ப் பூச்சியெல்லாம் பெருகி அலைகிற நேரம் அதுதான். தன் நெல்லில் ஒரு வரிசை நட்டால், அதற்கு இரண்டு பக்கமும் பூச்சி விரும்பித் தின்னும் சாதாரணக் கார் நெல்லை இரண்டிரண்டு வரிசை நட்டார். பூச்சி அதைத் தின்று பெருகி இதற்கும் வரட்டும், வந்த பிறகும் நிற்பது நிற்கட்டும் என்று. தன்னுடைய வரிசையிலும் ஒரு தாள் வெளுத்தால் போதும், அந்தத் தூரையே பிடுங்கி எறிவார். எவ்வளவு கொழுத்த கதிராக இருந்தாலும் இரக்கம் பார்க்க மாட்டார்.

களையெடுக்க வந்த சங்கரம்மாள் வரப்பில் நின்றே கூப்பிடுவாள். புருஷனை இழந்து, ஒற்றை ஆளாக ஒரு துண்டு வயலை உழுது பிழைத்தவள் அவள். வாய் மட்டும் நாலு ஆளுக்குச் சமம்.

"ஏ வள்ளித்தாயி! இன்னிக்கிப் பூச்சிக்கு என்ன கறி? இலை போட்டாச்சா?"

"உனக்குந்தான் ஒரு இலை போட்டுருக்கு, வந்து உக்காரு" என்பாள் வள்ளித்தாய்.

தளவாயும் கேலி பேசுவார். ஆனால் கேலி பேசிக்கொண்டே கூட நின்றவர் அவர் ஒருவர்தான். மூன்றாம் வருஷம் அண்ணாச்சி மலைக்காய்ச்சலில் விழுந்தபோது, கதிர் முற்றுகிற பதினொரு நாளும் தளவாய் அந்தச் சின்ன நிலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து குருவி விரட்டினார். "மாப்ளே, உம்ம நெல்லைத் தின்ன பூச்சி செத்துப்போகும், குருவிக்கு அது தெரியலையே" என்று வந்து சொல்லிச் சிரிப்பார். அவர் விரட்டாமல் இருந்தால் அந்த நெல் அன்றைக்கே முடிந்திருக்கும். இதையும் எழுதத்தான் வேண்டும்.

தளவாய் இடதுகைக்காரர். வைக்கோற் கயிறு திரிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வைக்கோலைக் கொடுத்துக்கொண்டே வர, இன்னொருவர் திரித்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். திரிப்பவர் கை எதுவோ அதன்படிதான் கயிற்றில் முறுக்கு விழும். ஊரில் எல்லார் கயிறும் வலப்புரி. தளவாய் கயிறு மட்டும் இடப்புரி. அவர் முடிச்சும் அப்படித்தான், தலைகீழாக இருக்கும். ஆகையால் அண்ணாச்சி வீட்டில் தளவாய் வைக்கோல் கொடுப்பார், அண்ணாச்சி திரிப்பார். அண்ணாச்சி போடும் முடிச்சு வள்ளித்தாய்க்கு ஒருநாளும் அவிழாது. "கல்லு மாதிரிப் போட்டு வச்சிருக்கீகளே, நீங்களே வந்து அவுங்க" என்று ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவாள். அண்ணன் முடிச்சிலேயே பிறந்து வளர்ந்த கை அது.

நெல்லுக்குப் பெயர் வைத்தது பிள்ளையார் சன்னதியில். ஆறாவது காரில், ஊர் பாதி வெளுத்துக் கிடக்க, இவர் வரிசைகள் பச்சையாக நின்றன. முதல் கதிரைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டு, அவர் ஒடிந்த தந்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "சாமி, நீரு உம்ம கொம்பை ஒடிச்சீரு. இது அந்தப் பூச்சியோட கொம்பை ஒடிச்சிருக்கு. கொம்பொடிச்சான்னு வச்சிக்கிடுதேன்" என்றாராம். அன்றைக்கே நேர்ந்துகொண்டார். ஏழாவது காரும் தாங்கினால், ஊரில் உழுகிற நாற்பது வீட்டுக்கும் ஆளுக்கு இரண்டு மரக்கால் விதை, இந்தச் சன்னதியில் வைத்தே கொடுப்பதாக. விதைக்கு விலை கிடையாது. விதை கேட்டு ஒருவர் துண்டை ஏந்தினால் வெறும் துண்டாக அனுப்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஏழாவது காருக்கு, விதை பெருக்குவதற்காக ஊரோடு ஆனியிலேயே நட்டார்; அதுவும் தாங்கியது. முப்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் நாலு கோட்டை விதை கட்டினார். கோட்டை என்றால், வைக்கோலைப் பரப்பி நடுவில் நெல்லைக் கொட்டி, சுற்றி வளைத்து, கயிற்றால் உருண்டையாக இறுக்கி, மேலே சாணி மெழுகிக் காய வைப்பது. கயிறெல்லாம் மெழுக்குக்குள் மறைந்துவிடும், முடிச்சு மட்டும் வெளியே நிற்கும். ஒரு கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால். நாற்பது வீட்டுக்கு எண்பது போக, அவருக்கு நாலு மரக்கால் மிஞ்சும்.

சேதி பண்ணை வீட்டுக்குப் போயிற்று. பண்ணையார் ஆளனுப்பி அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "நாலு கோட்டையையும் இங்கன கொண்டாந்து இறக்கிரு" என்றார்.

அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு, மனதில் ஒரு களங்கமும் இல்லாமல் சொன்னார்: "பிள்ளையாருக்கு நேந்தது எசமான். உங்களுக்கும் ரெண்டு மரக்கால் ஒதுக்கியிருக்கேன். ஆனி மாசம் கோயிலுக்கு வந்து, எல்லாரும் போல துண்டை ஏந்தி வாங்கிக்கிடுங்க."

விதை முன்னால் எல்லாரும் ஒன்று என்பது அவர் நினைப்பு. பண்ணையாரைத் துண்டு ஏந்தச் சொன்னோம் என்பது வீட்டுக்கு வந்து வள்ளித்தாயிடம் சொல்லும் வரை அவருக்கு உறைக்கவே இல்லை. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பண்ணையார் ஒன்றும் செய்யவில்லை. சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டதாகக் கேள்வி.

ஐப்பசி மழையில் அண்ணாச்சி வீட்டுத் தென்சுவர் இடிந்து விழுந்தது. கோட்டைகளை எங்கே வைப்பது? "எங்கண்ணன் வீட்டு மச்சுல வச்சிருவோம். ஓட்டு வீடு, நனையாது" என்றாள் வள்ளித்தாய். தளவாயே வண்டி பூட்டி வந்து ஏற்றிப் போனார். "உம்ம பிள்ளையளை நான் பாத்துக்கிடுதேன் மாப்ளே, நீரு சுவரைப் பாரும்" என்றார். எட்டு மாதம் அந்த நாலு கோட்டையும் அவர் வீட்டு மச்சில் இருந்தன.

ஆனி முதல் வெள்ளிக்கிழமை காலை, தளவாய் வண்டியில் கோட்டைகள் கோயிலுக்கு வந்தன. நாற்பது வீட்டாரும் வந்திருந்தோம். மைதீன் ராவுத்தர் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் துண்டை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "பிள்ளையாரு எனக்கும் சேத்துத்தான் கொம்பை ஒடிச்சாராம்லா" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். விதைக் கோட்டையை வீட்டுப் பெண்தான் அவிழ்க்க வேண்டும். வள்ளித்தாய் குளித்து மஞ்சள் பூசி வந்து உட்கார்ந்தாள். முடிச்சில் கை வைத்தாள். சட்டென்று அவிழ்ந்தது. நாலும் அப்படியே. அண்ணாச்சி தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். நெல் ஒவ்வொருவர் துண்டிலும் அளந்து விழுந்தது. பண்ணையார் வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் இரண்டு மரக்கால் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அது கொம்பொடிச்சான் இல்லை.

முளைகட்டி விதைத்துப் பன்னிரண்டாம் நாள் அண்ணாச்சி தன் நாற்றங்காலில் குனிந்தார். ஒரு நாற்றைப் பிடுங்கினார். அடித்தாள் பச்சை. இன்னொன்று, அதுவும் பச்சை. நாற்றங்காலின் நாலு மூலையிலும் பிடுங்கிப் பார்த்தார். எதிலும் கத்தரிப்பூ நிறம் இல்லை. அதே அளவு, அதே நிறம் உள்ள சாதாரணக் கார் நெல்.

வீட்டுக்கு வந்தவர் கோட்டை கட்டிய கயிறு எங்கே என்று தேடினார். கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தது. பத்து நாள் சாரலில் சாணியெல்லாம் கரைந்து கயிறு சுத்தமாக இருந்தது. விரலால் தடவினார். இடப்புரி.

அவர் திரித்த கயிறு இல்லை அது. அவர் கட்டிய கோட்டையும் இல்லை.

கயிற்றை மாற்றிக் கன்றை வேறொன்றில் கட்டிவிட்டு, அதைச் சுருட்டிக் கூரை எரவாணத்தில் செருகினார். வள்ளித்தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடப்பிறந்தவனைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தார். திரும்பி வயலுக்குப் போகும்போது பண்ணை நாற்றங்கால் வழியாகப் போனார். அங்கே அடித்தாளெல்லாம் கத்தரிப்பூ நிறம். அவர் பிள்ளைகள்தான், அடர்ந்து நின்றன.

அன்றைக்கே வீடு வீடாக வந்தார். "நான் குடுத்தது அந்த நெல்லு இல்ல. மாறிப் போச்சு. நடாதீக" என்று கும்பிட்டுச் சொன்னார்.

மைதீன் ராவுத்தர் மட்டும், "நீ சொன்னா நெசமாத்தான் இருக்கும் சுடலை. ஆனா நாத்து இதுதானே இருக்கு? வேற நாத்துக்கு எங்கன போவ?" என்றார்.

சங்கரம்மாள் விடவில்லை. "விதை குடுத்த கையே வந்து நடாதங்குதே, இதை எங்கன போய்ச் சொல்ல! ஆனி மாசம் வீட்டுல ஒண்ணுமில்லாம என் விதை நெல்லைக் குத்திப் பொங்கித் தின்னேன்யா. உம்ம நெல்லு வருதுன்னுதானே தின்னேன்? மாறிப்போச்சுன்னா, மாத்துனது யாரு? பேரைச் சொல்லும்!"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாததால் பொய்க்காரர் ஆனார்.

ஆடியில் மப்புப் போட்டது. பதினெட்டு நாள் சூரியனைப் பார்க்கவில்லை. குற்றாலத்தில் சீசன் அமோகம் என்று சொன்னார்கள். எங்கள் வயல் வெளுத்தது. நாற்பது வீட்டு வயலும் வெள்ளிக் குழலாக நின்றன. அப்போது ஒருநாள் ஆற்றங்கரையில் பத்துப் பேர் நடுவில் நான், "கொம்பொடிச்சான் இல்லவே, குடிகெடுத்தான்!" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெயர் ஊரில் ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி கீழ்ப்படியில் குளித்துக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பண்ணை வயல் மட்டும் பச்சையாக நின்று, மஞ்சளாகப் பழுத்தது. புரட்டாசியில் அறுப்பு. பிழைப்புக்கு வழியில்லாமல் நாங்கள் எல்லாருமே அங்கே அறுப்புக்குப் போனோம். அண்ணாச்சியும் வந்தார். பண்ணைக் காரியஸ்தராக மரக்கால் பிடித்துக் களத்தில் நின்றவர் தளவாய். வாய்க்கால் தலைப்பில் உள்ள நல்ல வயல் அவருக்குப் பாட்டத்துக்கு வந்திருந்தது. அவர் தகப்பனார் உழுது, பண்ணை பிடுங்கிக்கொண்ட வயல் அது.

அறுத்த நெல்லிலேயே கூலி அளப்பதுதான் வழக்கம். அன்றைக்கு அப்படி இல்லை. பத்தாயத்திலிருந்து பழைய நெல்லைக் கொண்டுவந்து கூலி போட்டார்கள். களத்து நெல்லில் ஒரு மணி வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. "இது என்ன நெல்லு?" என்று யாரோ கேட்டதற்கு, "பண்ணையோட காரு. பண்ணைக்காரு" என்றார் தளவாய்.

எல்லாரும் கூலி வாங்கிய பிறகு அண்ணாச்சி தளவாய் முன்னால் போய்த் துண்டை விரித்துப் பிடித்தார்.

"கூலி அங்கன அளக்காங்க மாப்ளே" என்றார் தளவாய், நிமிராமலே.

"கூலி வேண்டாம் மச்சான். விதை கேக்கேன். ஒரு படி போதும்."

"பண்ணை நெல்லுவே இது. நான் எப்படித் தர?"

"விதை கேட்டு ஏந்துன துண்டை வெறுசா அனுப்பப்படாது. நம்ம ஆளுக யாரும் அனுப்புனதில்ல."

"போம், பேசாமப் போம்."

"அடித்தாளு என்ன நிறம் மச்சான்?"

தூற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். அண்ணாச்சி இடுப்பிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தார். இடப்புரிக் கயிறு. கயிற்றை ஒட்டுப்போட்டபோது மெழுக்குக்குள் மறைந்த தளவாயின் முடிச்சு ஒன்று அவிழாமல் அப்படியே கிடந்தது. அதை அவர் கையில் வைத்தார்.

"இத அவுத்துத் தாரும் மச்சான். உம்ம முடிச்சு எனக்கு அவுக்க வரல."

தளவாயின் முகம் கறுத்துப் போயிற்று. கயிற்றைக் கீழே போட்டார். பிறகு சத்தமாகப் பேசினார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"உமக்கு ஊரு முழுக்க நல்ல பேரு வேணும். எனக்கு எங்கப்பன் உழுத வயலு வேணும். உமக்கு மட்டும் சாமி, எனக்கு ஒண்ணும் இல்லையோ? பதினோரு நாளு குருவி வெரட்டினேனே, அந்த நெல்லுல எனக்குப் பங்கில்லையோ? என்னைக் கேக்கேரே, உம்ம வீட்டுக்காரியைக் கேட்டீரா? கோயில்ல முடிச்சை அவுத்தது அவதானே? எம் முடிச்சு அவளுக்குத் தெரியாதா? ஏன் வாயைத் தொறக்கலன்னு அவளைப் போய்க் கேளும்!"

கோயிலில் முடிச்சு சட்டென்று அவிழ்ந்தது அண்ணாச்சிக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் அவள் அவரைக் கூப்பிடவில்லை. துண்டை மடித்தார். இரண்டாக மடித்து, நாலாக மடித்து, தோளில் போட்டுக்கொண்டு, கூலியும் வாங்காமல் நடந்தார். கயிறு களத்திலேயே கிடந்தது.

வீட்டில் நடந்ததை வள்ளித்தாயே பின்னால் என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஏட்டி, கோயில்ல முடிச்சை அவுக்கையில உனக்குத் தெரிஞ்சுதா?"

அவள் அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். "தெரிஞ்சுது."

"எப்ப?"

"கை வச்சதுமே."

அவளே சொன்னாள்: "எலி கடிச்சிருக்கும், அண்ணன் வேற கயிறு போட்டுக் கட்டியிருப்பான்னு நெனச்சேன். அப்படித்தான் நெனைக்கணும்னு நெனச்சேன். நாப்பது வீட்டு ஆளுக துண்டை ஏந்திட்டு நிக்காக. அங்கன வச்சு எங்கண்ணன் பேரை எப்படி எடுக்க?"

"ஒரு வார்த்தை. எங்காதோட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நெல்லை அளந்திருக்க மாட்டனே. சங்கரம்மா விதையைப் பொங்கித் தின்னுட்டு நின்னாளே."

"நீங்க கயித்தைப் பாத்துட்டு எங்கிட்டச் சொன்னீகளா?"

"உனக்கு நோகும்னு சொல்லல."

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டினாராம். "இல்ல வள்ளி. நான் ஒளிச்சது விதைச்சதுக்கு அப்புறம். நீ ஒளிச்சது அளக்குறதுக்கு முந்தி." அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் சொல்லி அழுதாள்.

மறுநாள் காலையில் வள்ளித்தாய் பண்ணை வயலுக்குப் போனாள். அறுத்த வயலில் உதிரிக் கதிர் பொறுக்குவதை யாரும் தடுக்கக்கூடாது. பண்ணையாருக்கும் அது தெரியும். அதனால் விடிந்ததும் மாட்டை இறக்கிவிட்டிருந்தார்கள். நாற்பது ஐம்பது மாட்டின் காலுக்கு நடுவில், சேற்றில் குனிந்து, அவள் ஒருத்தி மட்டும் பொறுக்கினாள். தூரத்தில் தளவாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. உச்சி வெயிலில் முழங்கால் வரை சேற்றோடு, மடியில் கதிரோடு வீட்டுக்கு வந்து அண்ணாச்சி முன்னால் நின்றாள்.

அவர் மடியைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"கோயில்ல வச்சிட்டு வா" என்றார்.

அவள் போய்ப் பிள்ளையார் காலடியில் கொட்டிவிட்டு வந்தாள். அவள் வீடு வந்து சேர்ந்த பிறகு அவர் ஆற்றில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய், கும்பிட்டு, சாமி கொடுத்ததாக அதை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார். கை கொள்ளும் அளவுக்குக் கொஞ்சம் கூடுதல். கதிரில் அடித்தாள் கிடையாது. எது எந்தத் தூரில் வந்தது, பண்ணையில் வேறு நெல் கலந்ததா என்று தெரியாது. ஆகவே மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் ஆடிக் கடைசியில் நடவு, இரண்டு பக்கமும் பூச்சிக்கு விருந்து. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சங்கரம்மாள் வரப்பு வழியாகப் போனால் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

நாற்பத்தொன்றாம் வருஷம் அவரிடம் கொடுக்கிற அளவுக்கு விதை சேர்ந்தது. இந்தத் தடவை கோயிலில் கூட்டம் போடவில்லை. கேட்டு வந்தவர்களுக்கு வீட்டிலேயே அளந்தார். "நாத்து வந்ததும் அடித்தாளைப் பாத்துட்டு நம்புங்க. என்னை நம்பாதீக" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அதற்குள் சுற்று வட்டாரத்தில் அந்த நெல்லுக்குப் பண்ணைக்கார் என்றே பெயர் விழுந்துவிட்டது. நானும் துண்டை ஏந்திக்கொண்டு போனேன். இரண்டு படி அளந்து போட்டார். என்ன பேசுவது என்று தெரியாமல், "யாராவது கேட்டா என்ன நெல்லுன்னு சொல்லட்டும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நீரு வச்ச பேரே இருக்கே வே" என்றார். கோபமே இல்லை குரலில். விதையை இறுக்கி முடிந்துகொண்டு படியிறங்கினேன்.

அந்தப் புரட்டாசியில் ஒருநாள் மாலை அவர் வீட்டுப் பக்கம் போனேன். கோட்டை கட்டக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வைக்கோலின் ஒரு முனையை வாசல் தூணில் கட்டி, இன்னொரு முனையைத் தானே திரித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நாலடி போனதும் நிறுத்திவிட்டு, தூணுக்கு வந்து வைக்கோலைச் சொருகி, மறுபடியும் பின்னால் போய்த் திரித்தார். தனியாக அப்படித் திரித்தால் ஒரு கோட்டைக் கயிற்றுக்கு ஒரு நாள் போய்விடும்.

வள்ளித்தாய் வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வைக்கோல் கட்டின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடியை எடுத்து நீட்டினாள்.

"நான் குடுக்கேன். நீங்க திரிங்க."

"வேண்டாம். தூணு இருக்கு" என்றார்.

அவள் அந்தப் பிடியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவர் தூணுக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.